இரண்டு கொப்பிகள் ஒத்துப்போவது எப்படி?

பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு டிஜிட்டல் டயரி கிடந்தது. கனடாவில் இருக்கும் மகன் எப்போதோ கொண்டுவந்து கொடுத்தது. பாம் எம்100 என்ற வகை, 2000 ஆம் ஆண்டில் வெளியானது. உள்ளங்கை அளவு, நிறமில்லாத திரை, சின்னப் பற்றரி இரண்டு, எழுதுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி. பெரியப்பா திருகோணமலைப் பட்டினத்தில் படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்றவர். இப்போது கடையை மகளிடம் விட்டுவிட்டு உவர்மலை வீட்டில் இருக்கிறார். கடைக்கு வந்துபோன 312 பேரின் தொலைபேசி இலக்கங்கள் அந்தக் கருவிக்குள் இருந்தன.

"தம்பி, இதில் இருப்பதையெல்லாம் கணினிக்கு மாற்றித் தருவாயா?" என்று கேட்டார்.

மாற்றுவது என்ற சொல்லில்தான் சிக்கல். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கருவியில் இருப்பதை ஒருமுறை நகலெடுத்துக் கணினியில் வைப்பது. மற்றது, கருவியும் கணினியும் என்றென்றைக்கும் ஒரே பட்டியலைக் காட்டும்படி பார்த்துக்கொள்வது; இதற்கு ஒத்திசைவு என்று பெயர். நகலெடுப்பது ஒரு நாள் வேலை. ஒத்திசைவு குடித்தனம் மாதிரி, நாளும் பார்த்துக்கொள்ள வேண்டியது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களின் பட்டியலில்தான் ஒரே ஆள் மூன்று முறை வருகிறார். எனக்கும் அது நடந்தது, பிறகு சொல்கிறேன்.

கணினியை மறந்துவிட்டு, மீன்வலை விற்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் திருகோணமலையில் இருக்கிறார். தம்பி கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், மூதூரில். வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு கொப்பி. வாரம் முழுவதும் இருவரும் தத்தம் கொப்பியில் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி இக்கரைக்கு வரும்போது இரண்டு கொப்பிகளையும் ஒன்றாக்க வேண்டும். முன்னூறு வரிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் பொழுது போய்விடும். என்ன செய்யலாம்?

இரண்டு ஏற்பாடுகள் போதும். முதலாவது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண். இரண்டு கொப்பியிலும் 47 ஆம் வரி என்றால் அதே ஆள். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ரவி என்று நான்கு பேர் இருப்பார்கள். தொலைபேசி இலக்கத்தை வைத்தும் முடியாது. மாறிக்கொண்டே இருப்பது அதுதான். மாறாத ஒன்று வேண்டும். இரண்டாவது ஏற்பாடு, போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எந்த வரியைத் தொட்டாலும் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. சந்திக்கும்போது புள்ளி வைத்த வரிகளை மட்டும் பார்த்து ஒன்றாக்கிவிட்டு, புள்ளிகளை அழித்துவிட வேண்டும். அடுத்த வாரம் புதிதாகத் தொடங்கும்.

பாம் கருவிக்குள் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு முகவரிப் பதிவுக்கும் கருவி ஓர் அடையாள எண் கொடுக்கும். பதிவு திருத்தப்பட்டதா என்பதைக் குறிக்க ஒரே ஒரு பிட் நினைவகம். அதுதான் அந்தப் பென்சில் புள்ளி. கணினியோடு இணைத்ததும் புள்ளி உள்ளவை மட்டும் அங்குமிங்கும் போகும். வேலை சில நொடிகளில் முடிந்துவிடும்.

இனி அழிப்பது. தொடக்கநிலையினர் பெரும்பாலும் யோசித்துப் பார்க்காத இடம் இது. தம்பி தன் கொப்பியில் ஓர் ஆளை வேண்டாம் என்று பக்கத்தையே கிழித்துவிட்டார் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பார்க்கிறார்: என்னிடம் 112 ஆம் வரி இருக்கிறது, தம்பியிடம் இல்லை. தம்பி அழித்ததா, எழுத மறந்ததா? கிழிந்த பக்கம் அதைச் சொல்லாது. அண்ணன் நல்ல மனதோடு அதைத் தம்பியின் கொப்பியில் மறுபடி எழுதிக் கொடுப்பார். அழித்த ஆள் திரும்ப வந்துவிடுவார். ஆகவே கிழிக்கக் கூடாது. கோடு போட்டு வெட்ட வேண்டும். வெட்டிய கோட்டைப் பார்த்து அண்ணனும் வெட்டிய பிறகுதான் இருவரும் பக்கத்தைக் கிழிக்கலாம். பாம் கருவியிலும் நீங்கள் அழித்த பதிவு திரையிலிருந்து மறையுமே தவிர, அடுத்த ஒத்திசைவு வரை 'அழிக்கப்பட்டது' என்ற குறியோடு உள்ளே கிடக்கும். இன்றைய கைத்தொலைபேசிகளில் அழித்த பெயர்கள் பேய் மாதிரி திரும்பி வருகின்றன என்று பலர் முறையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். எங்கோ ஓரிடத்தில் யாரோ கோடு போடாமல் பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஒரே வரியை இருவரும் ஒரே வாரத்தில் திருத்திவிட்டால்? அண்ணன் 077 இல் தொடங்கும் இலக்கத்தை எழுதியிருக்கிறார், தம்பி 071 இல் தொடங்கும் இலக்கத்தை. எது சரி என்று இயந்திரம் எப்படி அறியும்? பாம் நிறுவனத்தார் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தமானது: இரண்டையும் வைத்துக்கொள், குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி உரியவரிடம் சொல், அவர் தீர்த்துக்கொள்ளட்டும். ஒருவர் வெட்டி, மற்றவர் திருத்தியிருந்தால் திருத்தியவர் சொல்லே செல்லும். தேவையில்லாத பெயர் ஒன்று மிஞ்சினால் பிறகு வெட்டலாம். தேவையான பெயர் தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது?

இன்னொரு முடிச்சு இருக்கிறது. கிண்ணியாவில் ஒரு மைத்துனரும் இதே பட்டியலை வைத்திருக்கிறார். அண்ணன் புதன்கிழமை அவரோடு கொப்பியை ஒப்பிட்டு, வழக்கம்போலப் புள்ளிகளை அழித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறார். அண்ணனின் கொப்பியில் ஒரு புள்ளியும் இல்லை. மாற்றமே இல்லை என்று தம்பி நம்பிவிட்டால், புதன்கிழமைக்கு முன் செய்த திருத்தங்கள் மூதூருக்குப் போகவே போகாது. இப்படியான வேளையில் புள்ளியை நம்பாமல் முழுக் கொப்பியையும் வரிவரியாகப் படிப்பதுதான் வழி. பாம் கருவி கடைசியாக எந்தக் கணினியோடு பேசியது என்பதை நினைவில் வைத்திருக்கும். அதே கணினி என்றால் விரைவு ஒத்திசைவு. வேறு கணினி என்றால் எல்லாவற்றையும் ஒப்பிடும் மெதுவான ஒத்திசைவு. வீட்டிலும் கடையிலும் இரண்டு கணினி வைத்திருந்தவர்கள் 'இது ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது' என்று சலித்துக்கொண்டதன் காரணம் இதுதான்.

இதையெல்லாம் ஒரு பொத்தானுக்குள் அடக்கியதுதான் அந்தக் கருவியின் சாமர்த்தியம். முதல் பாம் கருவியான பைலட் 1996 ஆம் ஆண்டு வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹோக்கின்ஸ், கருவி செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் மரத்துண்டை எடுத்துக் குச்சியால் தட்டிப் பார்ப்பாராம். கருவியைத் தாங்கியில் வைத்து, ஒத்திசைவைத் தொடங்கும் ஹொட்சிங்க் பொத்தானை அழுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். சட்டைப்பையில் இருப்பது தனிக் கணினி அல்ல, மேசைக் கணினியின் ஒரு நீட்சி என்று அதைச் செய்தவர்கள் எண்ணினார்கள்.

சரி, பெரியப்பாவின் இழுப்பறைக்கு வருவோம்.

முதல் வேலை பற்றரி. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். அந்தக் காலத்து பாம் கருவிகளில் முகவரிகள் இருப்பது மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் நினைவகத்தில். பற்றரி முழுவதும் தீர்ந்தால் எல்லாம் போய்விடும். பற்றரி மாற்றும்போதுகூடப் பழையதைக் கழற்றிவிட்டுக் கடைக்கு ஓடக் கூடாது. புதியதைக் கையில் வைத்துக்கொண்டே கழற்ற வேண்டும். நல்ல காலம், பெரியப்பா சுவாமி மலைக்குக் கோணேசர் தரிசனத்துக்குப் போவதுபோல மாதம் தவறாமல் பற்றரி மாற்றி வந்திருக்கிறார்.

இரண்டாவது, கம்பி. எம்100 தொடர்முறைக் கம்பியில், அதாவது ஒன்பது ஊசிச் செருகியில் பேசும். இன்றைய மடிக்கணினிகளில் அந்த வாய் கிடையாது. யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் சிறு இணைப்பி வாங்கலாம். நான் ஒரு நண்பரிடம் தூசி படிந்து கிடந்த விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியை இரவல் வாங்கினேன். அதில் அந்த வாயும் இருந்தது, கணினிப் பக்கத்தில் பட்டியலை வைத்திருக்கும் பாம் டெஸ்க்டொப் மென்பொருளும் பேச்சில்லாமல் ஏறியது. லினக்ஸ் பழகியவர்கள் பைலட்-லிங்க் என்ற இலவசக் கருவியைத் தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது, திசை. முதல்முறை பொத்தானை அழுத்துவதற்கு முன் ஹொட்சிங்க் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பட்டியலுக்கும் நான்கு தெரிவுகள் இருக்கும்: இரண்டையும் ஒத்திசை, கணினியில் உள்ளதைக் கருவிமேல் எழுது, கருவியில் உள்ளதைக் கணினிமேல் எழுது, ஒன்றும் செய்யாதே. கணினி புதிது, அதில் பட்டியல் வெறுமை. இரண்டாவது தெரிவு தவறி விழுந்திருந்தால் அந்த வெறுமைதான் கருவிக்குப் போகும். 312 பேரும் ஒரு நொடியில் காணாமல் போவார்கள், அதுவும் நாம் கேட்டுக்கொண்டபடியே. நான் மூன்றாவதைத் தேர்ந்து, பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டி, பிறகுதான் அழுத்தினேன். கருவி ஒரு சின்ன இசை எழுப்பியது. கணினியில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். பெரியப்பாவோ அடுத்த கேள்வியைக் கேட்டார்: "இதை என் கைத்தொலைபேசிக்கும் அனுப்பலாம்தானே?"

கைத்தொலைபேசிக்குப் பாமின் மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவான ஒரு கோப்பு வேண்டும். பாம் டெஸ்க்டொப் தரும் கோப்புகளில் இரண்டு வகை இதற்கு உதவும். ஒன்று சிஎஸ்வி: ஓர் ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வொரு விவரத்துக்கும் இடையில் ஒரு காற்புள்ளி. மற்றது விகார்ட்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிறு சீட்டு; எது பெயர், எது வீட்டு இலக்கம், எது அலுவலக இலக்கம் என்று ஒவ்வொரு வரியின் முன்னும் பெயர்ப்பலகை இருக்கும். ஆப்பிள், ஐபிஎம், சீமென்ஸ், ஏடி அண்ட் டி ஆகிய நிறுவனங்கள் 1990களின் நடுப்பகுதியில் கூட்டாக உருவாக்கிய வடிவம் இது. 2.1 என்ற பதிப்பு 1996 இல் வந்தது, 3.0 1998 இல், 4.0 2011 இல். இன்றும் பெரும்பாலான கைத்தொலைபேசிகள் இதைப் படிக்கும். சிஎஸ்வியில் 'நான்காவது காற்புள்ளிக்குப் பின் வருவது எது' என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் முகவரி தொலைபேசி இலக்கமாகிவிடும். இரண்டும் கிடைத்தால் விகார்ட்டையே எடுங்கள்.

நான் அப்படி எடுக்கவில்லை. பட்டியலைக் கொஞ்சம் திருத்திவிடலாம் என்று சிஎஸ்வியை எடுத்து, கட்டம்கட்டமாகக் கணக்கு எழுதும் மென்பொருளான விரிதாளில் திறந்தேன். திருகோணமலையின் பிரதேசக் குறியீடு 026. விரிதாளுக்கு அது தொலைபேசி இலக்கம் என்று தெரியாது; ஏதோ கணக்குத் தொகை என்று நினைத்தது. தொகைக்கு முன்னால் சைபர் எதற்கு? எடுத்து எறிந்துவிட்டது. 026 எல்லாம் 26 ஆகி நின்றன. கனடா மகனின் இலக்கத்துக்கு முன்னிருந்த கூட்டல் குறியும் போய்விட்டது. சேமித்து மூடிய பிறகுதான் பார்த்தேன். தவறு விரிதாளினுடையது அல்ல. இலக்கங்கள் உள்ள நிரலில், அதாவது மேலிருந்து கீழே ஓடும் அந்த வரிசையில், இருப்பது எழுத்து, எண் அல்ல என்று திறக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், விரிதாளுக்குள்ளிருந்து இறக்குமதி செய்து, இலக்க நிரலை 'உரை' என்று குறித்தால் சைபர் தப்பும். அதோடு, இருக்கிற வேளையில் எல்லா உள்நாட்டு இலக்கங்களையும் +94 வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது; முன் சைபரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் +94. வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் வாட்ஸ்அப்பில் தேடினாலும் அதுதான் செல்லுபடியாகும். பெரியப்பாவின் பட்டியலில் பழைய நீளம் குறைந்த இலக்கங்களும் கிடந்தன. இப்போது இங்கே ஒரு தொலைபேசி இலக்கத்தில் முன் சைபரோடு சேர்த்துப் பத்து எண்கள். அதற்குக் குறைந்தவற்றையெல்லாம் தனியே ஒதுக்கி வைத்தேன்.

அடுத்த தவறும் என்னுடையதுதான். சைபர் போன கோப்பைக் கைத்தொலைபேசியில் ஏற்றியிருந்தேன். பிழை தெரிந்ததும் சரியான கோப்பை உருவாக்கி மறுபடியும் ஏற்றினேன். 312 பேர் 624 பேரானார்கள். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். இது ஒத்திசைவு அல்ல, நகலெடுப்பு. அந்தக் கோப்பில் வரிசை எண்ணும் இல்லை, பென்சில் புள்ளியும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் தொலைபேசிக்குப் புது ஆட்கள். விகார்ட்டில் ஆளுக்கொரு அடையாள எண்ணை எழுத இடமுண்டு, ஆனால் பல செயலிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. முதலில் ஏற்றியதை அழித்துவிட்டுத்தான் இரண்டாவதை ஏற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே செய்தேன் என்பதுதான் வெட்கம்.

இனி பெயர்கள். இந்தக் கருவிகளையும் கோப்பு வடிவங்களையும் செய்தவர்கள் எல்லாருக்கும் ஒரு குடும்பப்பெயர் இருக்கும் என்று நினைத்தவர்கள். பாமில் முதல் கட்டமே குடும்பப்பெயருக்குத்தான். பட்டியல் அடுக்கப்படுவதும் அதன்படியே. நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பாவின் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், தன் பெயர் பின்னால். பெரியப்பா இந்தக் கட்டத்தைப் பார்த்து மலைக்கவில்லை. அதில் ஊரைப் போட்டுவிட்டார். குடும்பப்பெயர்: மூதூர். பெயர்: ஐஸ் தம்பி. குடும்பப்பெயர்: நிலாவெளி. பெயர்: கறுத்த எஞ்சின் அண்ணை. குச்சவெளிக்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். ஓர் ஊருக்கு உதிரிப்பாகம் அனுப்பும் நாளில் அந்த ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து நின்றால் அழைக்க வசதி. அந்தக் கட்டம் இவ்வளவு உருப்படியாக வேறெங்காவது பயன்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கைத்தொலைபேசிக்குப் போனதும் இந்த ஏற்பாடு குலைந்தது. அது பெயரை முன்னும் குடும்பப்பெயரைப் பின்னும் காட்டியது: 'ஐஸ் தம்பி மூதூர்'. ஐஸ் விற்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில், மூதூர்க்காரர்கள் சிதறி. தொடர்புகள் செயலியின் அமைப்புக்குள் போய், அடுக்கும் முறையையும் காட்டும் முறையையும் குடும்பப்பெயர் முதலில் என்று மாற்றினேன். ஊர்கள் திரும்ப ஒன்றுசேர்ந்தன, ஒன்றைத் தவிர. பாமில் தமிழில் எழுத வழியில்லாததால் பெரியப்பா எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தார். மூதூரைச் சில இடங்களில் இரண்டு ஓ போட்டும் சில இடங்களில் ஒற்றை யூ போட்டும் எழுதியதால் அது இரண்டு ஊராக நின்றது. அதைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.

தமிழில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், அது தமிழ்போலத் தோன்றினாலும் உள்ளே ஆங்கில எழுத்துதான். எஃப் விசையைத் தட்டினால் திரையில் க தெரியும். கோப்பில் பதிவாவது எஃப். எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசிக்குப் போனதும் வேடம் கலைந்துவிடும். முதலில், தமிழைத் தமிழாகவே பதியும் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. யுனிகோடு தமிழும் சிஎஸ்வியில் சிதைந்து தெரிந்தால், கோப்பைத் திறக்கும்போது குறிமுறை யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்தால் பெரும்பாலும் சரியாகும். விகார்ட் 2.1 கோப்பைத் திறந்து பார்த்தால் தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறிகளும் எண்களும் நீளமாக ஓடும். அது சிதைவு அல்ல, அந்தப் பதிப்பு தமிழைப் பொட்டலம் கட்டும் விதம். கை வைக்காதீர்கள்.

சிம் அட்டையில் சேமிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பெயரும் இலக்கமும் மட்டுந்தான் ஒழுங்காகத் தங்கும், பெயருக்கும் நீளக் கட்டுப்பாடு உண்டு. வேண்டாம்.

கடைசியில் விகார்ட் கோப்பின் பிரதி ஒன்றை மின்னஞ்சலிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் வைத்தேன். பத்துப் பேரின் இலக்கங்களைக் குத்துமதிப்பாகத் தெரிவுசெய்து, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரி. பெரியப்பா கைத்தொலைபேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு கணினித் திரையைப் பார்த்தார்.

"இதை ஒருக்கால் அச்சடித்துத் தா."

பாம் டெஸ்க்டொப்பில் அதற்கும் வழி இருந்தது. அச்சடித்த தாள்களை ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்து, வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். போன கிழமை போய்ப் பார்த்தேன். நீலப் பேனாவால் ஏழு இடத்தில் திருத்தியிருக்கிறார், இரண்டு பெயரைக் கோடு போட்டு வெட்டியிருக்கிறார், நிலாவெளிக்குக் கீழே புதிதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறார். இதில் எதுவும் கைத்தொலைபேசியில் இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்.